மஞ்சள் துணியில் ஒரு ரெட்டை எழுத்துக் காசு

நாணயக் கடை வைத்திருப்பவர்கள் ஒரு நாளில் அதிகமாகச் சொல்கிற வாக்கியம், “இது ஒரு ரூபாய்க் காசுங்க, ஒரு ரூபாய்க்குத்தான் போகும்” என்பது. லென்ஸும் கையுமாக உட்கார்ந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோன என் சக பாவிகளுக்கு இது புரியும். மற்றவர்கள், உங்கள் மைத்துனர் அடுத்த முறை மொபைலில் ஒரு வீடியோவைக் காட்டி, “இந்தக் காசு இருந்தா லட்சக்கணக்கில தராங்களாம்” என்று சொல்லும்போது, அதெல்லாம் பொய் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறம் அவர் உங்கள் வீட்டில் கை நனைக்கிறாரா என்று பார்க்கலாம்.

என் கடை பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. கடை என்றால் பாதிக் கடை. முன்பாதியில் கமால் பாய் வாட்ச் ரிப்பேர் செய்கிறார், பின்பாதியில் நான் பழைய காசு வாங்கி விற்கிறேன். அதற்கு முன்னால் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஆபீஸில் கண்டக்டர்கள் கொண்டுவந்து கொட்டுகிற சில்லறையைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை காசையே பார்த்தால் மனிதருக்குப் பைத்தியம் பிடிக்க வேண்டும். எனக்கு ஆசை பிடித்துவிட்டது.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: காசில் எழுத்து ரெட்டையாக விழுந்திருக்கிறதே, இதற்கு என்ன விலை? நான் எல்லோருக்கும் ரப்பர் ஸ்டாம்பை வைத்துத்தான் விளக்குவேன். ஸ்டாம்பைச் செய்யும்போதே எழுத்து ரெட்டையாக அமைந்துவிட்டால், அதைக் குத்துகிற காகிதத்திலெல்லாம் ரெட்டையாகவே விழும். காசு அடிக்கிற அச்சில் இப்படி நேர்ந்தால் அதுதான் அசல், டபுள் டை. ஸ்டாம்ப் சரியாக இருந்து குத்துகிற கை ஆடிவிட்டால், அந்த ஒரு காகிதத்தில் மட்டும் எழுத்து இழுபடும். அது மெஷின் ஆட்டம். ஸ்டாம்பே தேய்ந்து கொழகொழவென்று விழுவது மூன்றாவது ரகம். காகிதம் சட்டைப்பையில் கிடந்து நைந்துபோவது நான்காவது ரகம்.

லென்ஸில் பார்த்தால் அசலில் இரண்டு எழுத்தும் மேடாக, உருண்டையாக, மூலையில் சின்னப் பிளவோடு நிற்கும். எழுத்து தடித்திருக்கும். மெஷின் ஆட்டத்தில் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி சப்பையாகக் கிடக்கும், எழுத்து மெலிந்திருக்கும். அசலுக்குச் சேகரிப்பவர்கள் விலை கொடுப்பார்கள். மற்ற மூன்றையும் டீக்கடைக்காரர் வாங்கிக்கொள்வார், டீ கொடுத்து.

சார் எங்கே?

கமால் பாய் கண்ணில் ஒற்றை லென்ஸை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால், வருகிறவர்கள் அத்தனை பேரும் அவர்தான் நாணய நிபுணர் என்று முடிவு செய்துவிடுவார்கள். அன்றைக்கு அரும்பாவூரிலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பஸ் டிக்கெட்டில் மடித்த ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்துப் பாயின் முன்னால் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, எழுத்து ரெட்டை என்றார். பாய் தலையை நிமிர்த்தாமல் கையிலிருந்த இடுக்கியால் என்னைக் காட்டினார். வந்தவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தொங்கிய திரையைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்க்கும் துடைப்பமும்தான் இருக்கின்றன. சார் எங்கே என்று கேட்டார். சார் நான்தான் என்றேன். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்து மரியாதைக்காகச் சிரித்தார்.

அவரை உட்காரவைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, எழுத்தின் ஓரத்தில் தெரிகிற படியைக் காட்டினேன். இது மெஷின் ஆட்டம், அடிக்கும்போது அச்சு நகர்ந்திருக்கிறது, இதற்குக் கூடுதல் விலை கிடையாது என்றேன். ரப்பர் ஸ்டாம்ப் கதையை முழுசாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத் தலையாட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் எழுந்து, காசை அதே டிக்கெட்டில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“நீங்க சொன்னதெல்லாம் சரிதாம்மா. சார் வந்ததும் ஒருவாட்டி காட்டிடுங்க, நான் அடுத்த வாரம் வந்து கேட்டுக்கறேன்.”

புளி

துறைமங்கலத்து டீச்சரம்மா ஒருவர் கொண்டுவந்த காசை வெயிலில் பிடித்தால் கண் கூசியது. அவர் பார்த்த வீடியோவில், இரண்டாவது எழுத்து அழுக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா புளியில் ஊறப்போட்டு, பாத்திரம் துலக்குகிற கம்பிநாரால் ஒரு கை பார்த்துவிட்டார். சிங்கங்களுக்கு முகம் இல்லை. ஆண்டு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் இருந்தது, மீதியை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது வெறும் தேய்மானம் என்றேன். அசல் காசாகவே இருந்தாலும் துலக்கிவிட்டால் சேகரிப்பவர் தொடமாட்டார், அழுக்கோடு கொண்டுவருவதுதான் மரியாதை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை சொல்கிற காரணத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் கைப்பையை மூடிக்கொண்டு கேட்டார்:

“புளியில வரலைன்னா, எலுமிச்சம்பழத்துல வருங்களா?”

ரெண்டு நகம்

இந்தச் சமயத்தில்தான் செட்டிகுளம் பழனிவேல் கடைக்கு வந்தார். சின்ன வெங்காயம் போடுகிறவர். நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதர், ஆனால் எதையும் நம்பிவிட்டால் விடமாட்டார். காசைக் கொடுங்கள் என்றால் மொபைலை நீட்டினார். காசு வீட்டில் இருக்கிறது, எடுத்துவர முடியாது என்றார். ஏன் என்றால், அது சாமி காசு, மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறது, மனைவி அதை அவிழ்க்க விடமாட்டாள் என்றார். அப்படியானால் போட்டோ எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, அவள் களையெடுக்கப் போயிருந்தாள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து ரெட்டையாகத்தான் இருந்தது. ஆனால் காசைப் பிடித்திருந்த கட்டைவிரலில் நகமும் ரெட்டையாக இருந்தது. பின்னால் தெரிந்த விளக்குக்கும் இரண்டு சுடர். பயத்தில் கை நடுங்கியிருக்கிறது, இதை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது, காசை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மொபைலை வாங்கி நகத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலை என் முன்னால் நீட்டினார்.

“இதப் பாருங்க, நகம் எனக்கு ஒண்ணுதாங்க. அதுல ஆட்டம் இருக்கலாம். காசுல நெசமாவே ரெண்டு.”

சர்க்கார் அடி

ஞாயிற்றுக்கிழமைகளில் அரியலூர் போவேன். அங்கே காசு சேகரிப்பவர்கள் சிலர் ஒரு டியூஷன் சென்டரின் பெஞ்சில் கூடுவோம். யாரிடம் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று பார்ப்போம், மற்றவருடையது அசல் இல்லை என்று நிரூபிப்போம், டீ குடித்துவிட்டுக் கலைவோம். ஒரு ஞாயிறு, சிமெண்ட் லாரி ஓட்டுகிற இளைஞன் ஒருவன் எங்களைத் தேடி வந்தான். அவன் வைத்த காசு அப்பளம் மாதிரி இருந்தது. எழுத்து ரெட்டை என்ன, பத்து மடங்கு இழுத்துக்கொண்டு ஓரம் வரைக்கும் போயிருந்தது.

தண்டவாளத்தில் வைத்தாயா என்று கேட்டேன். மறைக்கவில்லை. சரக்கு ரயில் போனது என்றான், பாசஞ்சர் வண்டியில் இவ்வளவு நன்றாக வராதாம். தம்பி, முதலில் அது ஆபத்து, இரண்டாவது, காசு அடிக்கிற ஆலையை விட்டு வெளியே வந்தபிறகு ஏற்படுகிற எதுவும் அச்சுப் பிழை ஆகாது, அது சேதம், அவ்வளவுதான் என்றேன். எங்களில் மூத்தவரான தபால்தலைக்காரரும் ஆமோதித்தார். அவன் எங்கள் இருவரையும் பொறுமையாகப் பார்த்தான்.

“காசு அடிக்கிற மெஷினும் சர்க்காரோடது, ரயிலும் சர்க்காரோடது. அங்க அடிச்சா விலை, இங்க அடிச்சா சேதமா? என்ன நியாயம் மேடம் இது?”

மெதுவாகச் சொல்லுங்க

பழனிவேல் வந்துபோன இரண்டாவது வாரம், ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். சார் எங்கே என்று கேட்காமல் நேராக என்னிடம் வந்த முதல் ஆள் அவர்தான், அதற்காகவே எனக்குப் பிடித்துப்போனது. பெயர் மல்லிகா. பழனிவேலின் மனைவி. அவர் வந்துட்டுப் போனாரா அக்கா என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அவர்கள் வயலில் தண்ணீருக்குப் போட்ட போர்கள் எல்லாம் புழுதியாகவே வந்திருக்கின்றன. கடைசியாக ஒரு தடவை போர் போடுகிற வண்டி வந்து நின்றபோது, மல்லிகா தன் புருஷன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, தண்ணீர் வந்தால் இந்தக் காசை மலையேறி வந்து முருகன் உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வந்துவிட்டது. பாதி வயல் கரம்பாகக் கிடந்தது போய் முழுசும் வெங்காயம் போட்டாகிவிட்டது. காசு மட்டும் மலை ஏறவில்லை. தைப்பூசம் என்றால் கூட்டமாக இருக்கும் என்கிறாராம் பழனிவேல். பங்குனி உத்திரம் என்றால் வெயில். சாதாரண நாளில் போகலாம் என்றால், சாதாரண நாளில் போனால் சாமிக்கு என்ன மரியாதை என்கிறாராம். ஒருநாள் அவர் கட்டைவிரலில் மஞ்சள் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் மல்லிகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்டால், வேறு ஒரு ரூபாயைப் போட்டுவிடலாம், சாமிக்கு எல்லா ரூபாயும் ஒன்றுதான் என்று பேச்சு.

எங்கள் பக்கத்தில் இது தெரிந்த விஷயம்தான். முடிந்து வைத்த காசை மாற்றக் கூடாது. அதைவிடப் பெரிய காசாக இருந்தாலும் கூடாது. மல்லிகா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. பயந்திருந்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற வரைக்கும் அவருக்கு மூச்சு நின்றுவிடுகிறதாம். அவர் காசை எடுத்துக்கிட்டு வந்தா ஒண்ணுமில்லாத காசுன்னு சொல்லிடுங்க அக்கா, அப்பதான் மலைக்கு வருவார் என்றார்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற ஒரே சொத்து, காசு விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்று ஊரில் இருக்கிற பேர். என் சொந்தத் தங்கை கொண்டுவந்ததையே தேய்மானம் என்று சொன்னதில், ஒரு பொங்கல் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் தைரியம் சொன்னேன். கொண்டுவருகிறவர்களில் அசலோடு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், பெரும்பாலும் மெஷின் ஆட்டம்தான், பொய்யே தேவைப்படாது என்றேன். மல்லிகா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

“பொய் சொல்ல வேணாங்கா. உண்மையைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, அது போதும்.”

கிழட்டு அச்சு

இடையில் மீன்சுருட்டியிலிருந்து ஒரு மளிகைக்காரர் வந்தார். அசல் என்றால் ஒரே மாதிரி நிறையக் காசு இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தப்பில்லை, சரிதான். மனிதர் கல்லாவில் வருஷக்கணக்காகப் பொறுக்கி, ஒரே மாதிரி மங்கலாக இருக்கும் இரண்டு ரூபாய்க் காசுகளை ஒரு ஊறுகாய் ஜாடி நிறையக் கொண்டுவந்திருந்தார். ஜாடியைத் திறந்ததும் கடை முழுக்க மாங்காய் வாசனை. லென்ஸில் பார்த்தால் எழுத்தெல்லாம் ஓரத்தில் வீங்கி, கரைந்து, வழிந்து கிடக்கிறது. இரண்டாவது எழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. அச்சு தேய்ந்துபோய்விட்டது, தேய்ந்த அச்சிலேயே விடாமல் அடித்திருக்கிறார்கள் என்றேன். அவருக்கு விலை போகாத வருத்தத்தைவிட வேறொரு வருத்தம் பெரிதாக வந்துவிட்டது. ஜாடியை மூடிக்கொண்டே சொன்னார்:

“எங்க ஊர்ல முறுக்குச் சுடுற பொம்பளையே அச்சு தேஞ்சா மாத்திடுதுங்க. நாட்டுக்கே காசு அடிக்கறவங்க மாத்த வேணாமா?”

பாய் அவிழ்த்த முடிச்சு

கடைசியில் ஒரு நாள் பழனிவேலும் மல்லிகாவும் சேர்ந்தே வந்தார்கள். வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: அக்கா பார்த்துச் சொல்லட்டும், ஒன்றுமில்லை என்றால் அப்படியே மலைக்குப் போய்விடுவது. மல்லிகா தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தார். கையில் ஒரு பித்தளைச் சொம்பு, சொம்புக்குள் மஞ்சள் முடிச்சு. அசல் என்றால் என்ன செய்வது என்று பேசி வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும்.

முடிச்சை யார் அவிழ்ப்பது என்பதில் முதல் தடங்கல். நான் அவிழ்க்கிறேன் என்று பழனிவேல் கையை நீட்டினார். நீங்க ஒருவாட்டி அவுத்ததே போதும் என்று மல்லிகா சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வேண்டிக்கொண்டவர் தானும் அவிழ்க்கக் கூடாது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அந்த மலைக்கும் சின்ன வயதிலிருந்து பழக்கம், அங்கே நான் வைத்த வேண்டுதல்களே பாக்கி இருக்கின்றன. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த கமால் பாய் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றினார். எனக்கும் உங்க சாமிக்கும் ஒரு தகராறும் இல்லம்மா, குடு இங்க என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, பிஸ்மில்லா என்று மெல்லச் சொல்லி, வாட்ச் முள் எடுக்கிற இடுக்கியால் துணியில் ஒரு நூல்கூட இழுபடாமல் முடிச்சை அவிழ்த்தார். மல்லிகா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதிலுக்கு சலாம் வைத்தார்.

காசை வாங்கினேன். எழுத்து இடுக்கெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. மெஷின் ஆட்டமாக இரு, மெஷின் ஆட்டமாக இரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் லென்ஸைப் பிடித்தேன். ஒரு காசு அசலாக இருக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான். படி தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. எழுத்து மெலிந்திருக்கிறதா? இல்லை, தடித்திருந்தது. ஆண்டு எண்ணின் கடைசி இலக்கத்திலும், இந்தியா என்ற பெயரின் எழுத்துகளிலும் ஒவ்வொரு மூலையிலும் அந்தச் சின்னப் பிளவு. இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு மேடாக நின்றன, நடுவில் மஞ்சள் ஒரு கோடாக இறங்கியிருந்தது. இவ்வளவு சுத்தமான ஒன்றை நான் கையில் பிடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தேன். காசைத் திருப்பிப் பார்த்தேன். பாயிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மல்லிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். மெஷின் ஆட்டம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் நிம்மதியாக மலையேறிவிடுவார், மறுநாள் காலையில் மோட்டார் போடும்போது மூச்சு நிற்காது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அசல் என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். பழனிவேலுக்குக் கேட்டுவிட்டது. எழுந்து நின்றுவிட்டார். லட்சமா என்றார். வீடியோவை மறந்துவிடுங்கள், நல்ல சேகரிப்பாளர் கிடைத்தால் உங்கள் போர் மோட்டாருக்கு ஒரு நல்ல ஸ்டார்ட்டர் பெட்டி வாங்கலாம், மோட்டார் வாங்க முடியாது என்றேன். ஸ்டார்ட்டர்தான் அவருக்கு ரிப்பேராம். சாமியே பார்த்துக் கொடுத்திருக்கிறது என்று சொல்லிச் சட்டைப்பையில் கையை விட்டு, பளபளவென்று ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்துப் பிரிந்து கிடந்த மஞ்சள் துணியில் வைத்தார். ஒன்றுக்குப் பத்தாகப் போடலாம், சாமிக்கும் லாபம் என்றார்.

மல்லிகா கோபப்படவில்லை. அந்தப் பத்து ரூபாயை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார். என்னிடம் கை நீட்டி அந்த ஒரு ரூபாயை வாங்கி, துணியின் நடுவில் வைத்தார். என்னால்தான் இவருக்கு இந்தக் கஷ்டம் என்று நினைத்தேன். அவர் முகத்திலோ வரும்போது இருந்த பயத்தைக் காணோம்.

“இது சாதாரணக் காசா இருந்திருந்தா, மாத்தினா மாத்திட்டுப் போங்கன்னு நானே ஒருநாள் விட்டிருப்பேன். நல்ல காசுன்னு அக்காவே சொல்லிட்டாங்க. நல்லதை நாம வச்சுக்கிட்டு, சும்மா இருக்கறதை அவருக்குப் போடுறதா? அவரு நமக்குச் சும்மா தண்ணியா குடுத்தாரு?”

உண்டியலுக்குப் பின்

அன்றைக்கே மலையேறிவிட்டார்கள். பழனிவேல்தான் தன் கையால் உண்டியலில் போட்டாராம். மல்லிகா போனில் சொன்னார். போடுவதற்கு முன்னால் கை நடுங்காமல் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாராம், அதை எனக்கும் அனுப்பியிருந்தார். அருமையான போட்டோ. நகம் ஒன்றுதான். எழுத்து ரெண்டு.

கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சில வாரம் கழித்துப் பழனிவேல் ஒரு கனமான துணிப்பையோடு வந்து பாயின் மேஜையில் வைத்தார். மேஜை ஒருபக்கம் சாய்ந்தது. உண்டியல் சில்லறையெல்லாம் எண்ணி முடித்து பேங்க்குக்குத்தானே போகும் என்று அவருக்கு யோசனை வந்திருக்கிறது. பேங்க்கில் போய் நோட்டைக் கொடுத்துச் சில்லறை கேட்டிருக்கிறார். சில்லறையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த கேஷியர் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இன்னொரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினாராம். இது பாவம் இல்லையா என்று கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான், சாமி அதை பேங்க்கில் போட்டுவிட்டது, பேங்க்கில் இருப்பதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார். இதற்கு மல்லிகா சம்மதமா என்றேன். அவளைத்தான் முதலில் கேட்டேன், போட்டதோடு நம் வேலை முடிந்தது, அப்புறம் சாமி பாடு, பேங்க் பாடு, உங்க பாடு என்று சொல்லிவிட்டாள் என்றார்.

அந்தக் காசு இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை. பையைக் கொட்டிப் பார்ப்பது, தேறாததை மளிகைக் கடையில் மாற்றிக்கொண்டு மறுபடி பேங்க்குக்குப் போவது என்று ஆகிவிட்டது. என்னிடம் ஒரு லென்ஸும் வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் அவரே, இது மெஷின் ஆட்டம்ங்க, படி தெரியுது, இது வெறும் தேய்மானம் என்று பிரித்து ஒதுக்குகிறார். தப்பே வருவதில்லை, எனக்குத்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அரியலூரில் எங்கள் பெஞ்சிலும் வந்து உட்கார்ந்து மற்றவர்களுடைய காசை மட்டம் தட்ட ஆரம்பித்துவிட்டார். போன வாரம் மத்தியானம் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து காசு பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை, ஒரு காசின் மூலையில் பிளவு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். உடனே என் போன் அடித்தது. மல்லிகா.

“அக்கா, அந்த மனுசனக் கொஞ்சம் வூட்டுக்கு அனுப்பி வைங்க. காலையில மோட்டாரப் போட்டு விட்டுட்டு அங்க வந்து உக்காந்துட்டாரு. பாத்தியெல்லாம் நெறைஞ்சு தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சு, பஸ்காரன் எறங்கி என்னைத் திட்டுறான்.”

ஆக, காசு விஷயத்தில் உண்மையைச் சொல்லி நான் இதுவரை பெரிதாக எதையும் சம்பாதித்ததில்லை, ஆனால் செட்டிகுளத்தில் ஒரு வயலுக்கும் ஒரு ரோட்டுக்கும் தேவைக்கு மேலேயே தண்ணீர் பாய்ந்திருக்கிறது.